இரேனேயா, ஐரீனா?

எழுபதுகளின் தொடக்கத்தில், பத்திரிகைத் தொழிலுக்கு வந்து இரண்டாண்டுகள்கூட நிறைவடையாத நிலையில், நான் செய்த பிழையொன்றைப் பற்றி இங்கு எழுத வேண்டியிருக்கிறது. அப்போது நான் பணியாற்றிய நாளேட்டுக்கு ஓரிரவு கொழும்பிலிருந்து தந்தி மூலம் மரண அறிவித்தலொன்று வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் காலமாகிவிட்டார். மறுநாள் பிற்பகல் அவருடைய சொந்த ஊரில் நல்லடக்கம். தந்தி ஆங்கிலத்தில் இருந்தது. ஐ, ஆர், ஈ, என், ஈ என்ற ஐந்தே எழுத்துகளில் அவருடைய பெயர். வானொலியில் கேட்டிருந்த ஆங்கிலப் பாடலொன்றின் நினைவில், சற்றும் தயங்காமல் 'ஐரீன்' என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாட்களின் பின்னர் முதியவர் ஒருவர் பத்திரிகைக் கத்தரிப்புடன் அலுவலகத்துக்கு வந்தார். காலமானவரின் தமையனார். கோபம் எதுவும் அவர் முகத்தில் இல்லை. "தம்பி, என்ரை தங்கச்சிக்குப் பேர் இரேனே. ஐரீன் எண்டால் ஆரோ வேறை ஆளெண்டு சனம் நினைச்சிட்டுது. அவளிட்டைப் படிச்ச பிள்ளையளும் செத்தவீட்டுக்கு வரேல்லை" என்றார். அந்த அம்மையார் மணம் முடிக்காதவர். எனவே அறிவித்தலில் கணவர் பெயரோ, பிள்ளைகள் மருமக்கள் பெயர் வரிசையோ இருக்கவில்லை. அவரை இனங்காட்ட இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் நான் மாற்றிவிட்டேன்.

அன்று தொடங்கி இந்தப் பெயரை நான் விடாமல் பின்தொடர்ந்து வந்திருக்கிறேன்.

இது கிரேக்கப் பெயர். பொருள் 'சமாதானம்'. சேயுசுக்கும் தெமிசுக்கும் பிறந்த மூன்று பருவத் தேவதைகளுள் ஒருத்தியாக இவளைக் கவிஞர் ஹெசியோட் குறிப்பிடுகிறார். ஏதென்ஸ் நகரம் ஸ்பார்ட்டாவுடன் நீண்ட போரில் சிக்கியிருந்த கி.மு. 421இல் நாடகாசிரியர் அரிஸ்டோபனிஸ் இவள் பெயராலேயே ஒரு நகைச்சுவை நாடகத்தை அரங்கேற்றினார். குகைக்குள் அடைபட்டுக் கிடக்கும் சமாதானத்தைக் குடியானவர்கள் கயிறு கட்டி வெளியே இழுக்கும் கதை அது. பின்னர், கி.மு. நான்காம் நூற்றாண்டில், செல்வம் என்னும் குழந்தையைக் கையில் ஏந்திய தாயாக இவளைச் சிற்பி கெபிசோடோட்டஸ் வடித்தார். சமாதானம் இருந்தால்தான் செல்வம் வளரும் என்பது அதன் கருத்து.

அக்காலத்து ஏதென்ஸ்வாசிகள் இப்பெயரை ஏறத்தாழ 'ஏரேனே' என்று ஒலித்தார்கள். கிரேக்க எழுத்தில் முதலாவது 'ஏ'யும் மற்ற இரண்டும் வெவ்வேறானவை. ஒலியிலும் வேறுபாடு இருந்தது. காலப்போக்கில் முதலாவது 'ஈ'யாக மாறியது. மற்ற இரண்டும் மாறாதிருந்த இடைநிலையின் வடிவத்தை இலத்தீன் மொழி தன்னகத்தே உறையவைத்துக்கொண்டது. அதுவே 'இரேனே'. ஆனால் கிரேக்கம் அங்கே நின்றுவிடவில்லை. எஞ்சிய இரண்டு உயிர்களும் 'இ'யாகி, பெயர் 'இரீனி' ஆயிற்று. இன்றைய கிரேக்கத்தில் சமாதானம் என்னும் சொல்லும் அப்பெயருடைய பெண்களும் அவ்வாறே ஒலிக்கப்படுகின்றனர். எழுத்து மட்டும் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக மாறவில்லை.

இந்த இரண்டு ஒலிகளும் ஐரோப்பாவின் சமய வரலாற்றுக்கே சாட்சி சொல்கின்றன. போலந்து 966இல் ரோமின் வழியாகக் கிறிஸ்தவத்தை ஏற்றது. அங்கே இப்பெயர் 'இரேனா'. வார்சோவின் யூதக் குடியிருப்பிலிருந்து ஏறத்தாழ 2,500 குழந்தைகளைக் காப்பாற்றிய வலையமைப்பில் முன்னின்ற இரேனா செண்ட்லரை இங்கு நினைவுகூரலாம். கியெவ் இளவரசு 988இல் கொன்ஸ்தாந்தினோப்பிள் வழியாக அதே சமயத்தை ஏற்றது. அந்த மரபில் வந்த ரஷ்யர்களுக்கு இப்பெயர் 'இரீனா'. ஒரேயோர் உயிரெழுத்தின் வேறுபாட்டில் ரோமும் கொன்ஸ்தாந்தினோப்பிளும் எதிரெதிரே நிற்கின்றன.

பெயர் சமாதானம் என்பதற்காக அதன் வரலாறும் சமாதானமாக இருந்துவிடவில்லை. பைசாந்தியப் பேரரசை ஆண்ட இரீனி 797இல் தன் சொந்த மகன் ஆறாம் கொன்ஸ்தாந்தீனின் கண்களைப் பறிக்கச் செய்து தனியாக அரியணையில் அமர்ந்தவள். அவளும் 802இல் பதவி கவிழ்க்கப்பட்டு, மறுவருடம் லெஸ்பொஸ் தீவில் நாடுகடத்தப்பட்ட நிலையில் இறந்தாள். இஸ்தான்புல்லில் இன்றும் நிற்கும் 'புனித சமாதானம்' என்னும் பழைய தேவாலயம், 1453இல் நகரம் துருக்கியர் வசமான பின்னர் நீண்டகாலம் ஆயுதக் களஞ்சியமாகப் பயன்பட்டது.

உச்சரிப்புக்காகவும் தண்டனை இருந்தது என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். பண்டைய கிரேக்கரின் ஒலிகள் சமகாலக் கிரேக்கரின் ஒலிகள் அல்ல என்று அறிஞர் இராஸ்மஸ் 1528இல் ஒரு நூலில் வாதிட்டார். அந்தப் புதிய முறையை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜோன் சீக் கற்பித்தபோது, பல்கலைக்கழக வேந்தர் ஸ்டீபன் கார்டினர் 1542இல் அதற்குத் தடை விதித்தார். மீறும் மூத்தோர் பதவி இழப்பர், சிறுவர்கள் அடிபடுவர் என்பது அத்தடையின் சாரம். இறுதியில் ஆங்கிலக் கல்விக்கூடங்களில் இராஸ்மஸின் பக்கமே வென்றது.

அப்படியானால் என் காதில் ஒலித்த 'ஐரீன்' எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பெருமாற்றம் அடைந்தபோது நெடில் 'ஈ', 'ஐ' ஆயிற்று. 'ஏ', 'ஈ' ஆயிற்று. இலத்தீன் பெயர்களையும் ஆங்கிலேயர் அந்த ஒலியிலேயே படித்தனர். ஆகவே 'இரேனே' அவர்கள் நாவில் 'ஐரீனி' என மூன்று அசையாயிற்று. கால்ஸ்வர்தி 1906இல் வெளியிட்ட நாவலின் நாயகியை, 1967இல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடராக்கியபோதும் 'ஐரீனி' என்றே அழைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் கடைசி உயிர் உதிர்ந்து 'ஐரீன்' பரவலாயிற்று. வீவர்ஸ் குழுவினர் பாடி 1950இல் அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்ற பாடல் அந்த ஈரசை வடிவத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. நான் வானொலியில் கேட்டிருந்ததும் அப்பாடலைத்தான்.

யாழ்ப்பாணத்துக்கு இப்பெயர் ஒரே வழியாக வரவில்லை. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமாரின் பள்ளிக்கூடங்கள் ஆங்கில வழி. 1847இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருமார்களோ இலத்தீனில் திருப்பலி நிறைவேற்றியவர்கள். ஆகவே ஓர் ஊரில் ஐரீனும் அடுத்த ஊரில் இரேனேயும் இருந்தால் அதில் வியப்பில்லை. இருவரும் சரியானவர்களே. அந்த ஆசிரியையின் ஊர் கத்தோலிக்க ஊர். கோயில் ஏட்டில் இருந்தபடி, பங்குக் குரு அழைத்தபடி, மாணவர் வாயில் பழகியபடி அவர் இரேனே.

எது மூல உச்சரிப்பு என்று தேடிப் போனால் கிரேக்கரே தம் பெயரைக் கைவிட்டு வேறொலிக்குப் போய்விட்டதைத்தான் காண்கிறோம். ஆகவே ஒரு பெயரின் சரியான ஒலி அகராதியில் இல்லை என்பதே என் முடிவு. அது பெயருக்குரியவரிடமும் அவரை அழைத்தவர்களிடமும் இருக்கிறது. எழுதுபவன் செய்ய வேண்டியது அவர்களிடம் கேட்பது மட்டுமே. புலம்பெயர் நாடுகளில் தங்கள் பிள்ளைகளின் பெயர்கள் வகுப்பறைகளில் படும் பாட்டை அறிந்த நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மறுநாள் திருத்தம் வெளியிடுவதாக அந்த முதியவரிடம் சொன்னேன். "தாட்ட பிறகு என்னத்துக்குத் தம்பி திருத்தம்?" என்று கூறிவிட்டு எழுந்து போனார். ஒரு மாதம் கழித்து முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலி அறிவித்தலுடன் மீண்டும் வந்தார். அந்தப் பெயரை அவரைக் கொண்டே தமிழில் எழுதுவித்து வாங்கினேன். பின்னர் ஒப்புநோக்குநருக்கு அருகில் நின்று, எழுத்தெழுத்தாக நானே பார்த்து அனுப்பினேன்.