செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், எழும்பூர்

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் சென்னை எழும்பூரில், ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள பழைமையான கிறிஸ்தவ ஆலயம். உள்ளூர் வழக்கில் இதற்குக் ‘கிர்க்’ என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்த ஸ்காட்லாந்துக்காரர்களின் பிரஸ்பிட்டேரியன் வழிபாட்டுக்காகக் கட்டப்பட்டது. இதே பெயரில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஆலயங்கள் எழுந்தன.

1818 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது; 1821இல் வழிபாடு தொடங்கியது. வடிவமைப்பில் லண்டனின் செயின்ட் மார்ட்டின் இன் தி ஃபீல்ட்ஸ் ஆலயம் முன்மாதிரியாக இருந்தது. கட்டுமானத்தை முன்னின்று நடத்தியவர் பொறியாளர் மேஜர் தாமஸ் டி ஹாவிலண்ட்.

ஆலயம் அமைந்த இடம் மழைக்காலத்தில் நீர் தேங்கும் இளகிய மண் என்பதால், உள்நாட்டு முறைப்படி கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் அடித்தளம் அமைத்தார்கள். நடுமண்டபம் வட்ட வடிவிலானது. சுமார் 51 அடி விட்டமுள்ள குவிமாடத்தை 16 கொரிந்தியத் தூண்கள் தாங்குகின்றன. தூண்களில் சுண்ணச்சாந்துப் பூச்சு பளிங்குபோல மின்னுகிறது. குவிமாடத்தின் உட்புறம் ஆழ்ந்த நீல நிறம். அதில் பொன்னிற விண்மீன்கள் பதிந்துள்ளன. கோபுரத்தின் உயரம் சுமார் 166 அடி.

ஆலயத்தின் குருமார் 1835இல் தொடங்கிய பள்ளியை 1837இல் மிஷனரி ஜான் ஆண்டர்சன் ஏற்று நடத்தினார். அதுவே பின்னாளில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியாக வளர்ந்தது. ஆலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயத்தைச் சேர்ந்தது. வழிபாடு தொடர்ந்து நடைபெறுகிறது.