சங்கும் அதன் தூரத்துப் பங்காளியும்

ஸ்பானிஷ் மொழியில் 'கோன்ச்சா' என்று ஒரு சொல் உண்டு. சிப்பி, கிளிஞ்சல் என்று பொருள். மெக்சிகோவில் அதே பெயரில் ஒரு இனிப்பு ரொட்டி விற்கிறார்கள். மேலே சிப்பி மாதிரி கோடு கோடாக இருக்கும். அர்ஜென்டினா பக்கம் போனால் மட்டும் இந்தச் சொல்லை வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள், அங்கே அது கெட்ட வார்த்தை!

இது லத்தீன் வழியாகக் கிரேக்கத்திலிருந்து வந்தது. அந்தக் கிரேக்கச் சொல்லும் வடமொழி 'சங்க'வும் ஒரே வேர் என்பது மொழியறிஞர்கள் பலருடைய கருத்து. நம்முடைய 'சங்கு' அந்த வடமொழிச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆக, கோன்ச்சாவும் சங்கும் தூரத்துப் பங்காளிகள்.

அப்படியென்றால் தமிழில் சங்குக்கு வேறு சொல்லே கிடையாதா? நிறைய இருக்கிறது. கோடு, நந்து, பணிலம், வளை... இதில் 'வளை'தான் சுவாரசியம். சங்குக்கும் அதே பெயர், கையில் போடும் வளையலுக்கும் அதே பெயர். அந்தக் காலத்து வளையலைச் சங்கை அறுத்துத்தான் செய்தார்கள். வேள்வி செய்யாத பார்ப்பனர் சங்கறுத்துப் பிழைத்ததை அகநானூறு சொல்கிறது. பின்னாளில் தூத்துக்குடிச் சங்கு கப்பலேறி வங்காளம் போய், அங்கே கல்யாணமான பெண்களின் 'சாங்கா' வளையல் ஆனது. ஜேம்ஸ் ஹார்னெல் என்பவர் 1914-இல் சங்கைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

குழந்தைக்குப் பால் புகட்டுவது சங்கு. கழுத்தில் இருப்பதும் சங்கு. கடைசியில் சாவு வீட்டில் ஊதுவதும் சங்குதான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு, மில் சங்கு. ஷிப்டுக்குக் கூப்பிடுகிற சைரனுக்கு அந்தப் பெயர். 1936 ஜூலை 30 அன்று, சங்கம் வைக்கும் உரிமையும் வேலை நேரக் குறைப்பும் கேட்ட மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் 8 மணி நேர வேலை வந்தது. (சங்கு வேறு, சங்கம் வேறு. இரண்டுக்கும் உறவு இல்லை!)

காட்டேரிக்குப்பம் பெயரில்தான் குப்பம், கடல் கிடையாது. நகரத்து மில் சத்தம் அவ்வளவு தூரம் எட்டவும் எட்டாது. ஆனால் அந்தச் சங்குக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த குடும்பங்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் உண்டு. 1898-இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில்லை 2020-இல் மூடிவிட்டார்கள். "மில்லுல சங்கு ஊதிட்டாங்க" என்றால் முன்பெல்லாம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். இப்போது "மில்லுக்குச் சங்கு ஊதிட்டாங்க" என்கிறார்கள்.