வருகைப் பதிவேடு சொல்லாதது: கிராமப்புற மாணவியருக்கான மாதவிடாய்க் கல்வியில் ஒரு திருப்பம்

கிராமப்புற மாணவியரின் மாதவிடாய், உலக அளவிலான கல்விக் கொள்கைப் பேச்சுக்குள் பள்ளி வருகைக் கணக்காகத்தான் நுழைந்தது. இது எந்த ஆண்டில் நிகழ்ந்தது என்று துல்லியமாகச் சுட்ட இயலாது. 2000களின் நடுப்பகுதி என்று கொள்வதே பொருத்தம். 2005-இல் உலக வங்கி ஒரு கணக்கை முன்வைத்தது. நான்கு வாரத்துக்கு நான்கு நாள் பள்ளிக்கு வராவிட்டால், ஒரு மாணவி 10 முதல் 20 விழுக்காடு பள்ளி நாள்களை இழப்பாள் என்பது அது. ‘வராவிட்டால்’ என்ற நிபந்தனை, கணக்கு கைமாறிப் பரவியபோது உதிர்ந்துவிட்டது.

இக்கணக்கைக் களத்தில் சோதித்தவர்கள் எமிலி ஆஸ்டர், ரெபெக்கா தார்ன்டன் ஆகிய பொருளியலாளர்கள். நேபாளத்தின் சித்வன் மாவட்டத்தில் நான்கு பள்ளிகள், 198 மாணவியர். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு மென்ஸ்ட்ருவல் கப் தரப்பட்டது. 2011-இல் வெளியான அவர்கள் முடிவு: 180 நாள் கொண்ட பள்ளியாண்டில் மாதவிடாயால் தவறுவது ஏறத்தாழ 0.4 நாள் மட்டுமே. கப் தந்ததால் வருகை கூடவில்லை. உலக வங்கியின் கணக்கை அவர்கள் வீழ்த்தியது சரி. அதில் எனக்கு மறுப்பில்லை.

அந்த எண்ணிலிருந்து அவர்கள் சென்ற தொலைவுதான் சிக்கல். மாதவிடாய் பள்ளிக் கல்விக்குக் குறிப்பிடத்தக்க தடையல்ல என்ற வாசிப்பு அக்கட்டுரையிலிருந்தே வலுப்பெற்றது. வருகைப் பதிவேடு சொல்வது, மாணவி வகுப்பில் இருந்தாளா என்பதை மட்டுமே. கறை தெரியுமோ என்று அஞ்சிக் கரும்பலகைப் பக்கமே போகாதவளும், அடிவயிற்று வலியோடு பாடம் மண்டையில் ஏறாமல் உட்கார்ந்திருந்தவளும் அதில் ‘வந்தவர்’தான். மேலும், மாதவிடாய்ப் பெண்களைக் குடிலுக்கு ஒதுக்கும் சௌபடி வழக்கம் வேரூன்றியது நேபாளத்தின் மேற்குப் பகுதிகளில். சித்வன் அதற்கு வெளியே இருக்கிறது. ஒரு மாவட்டத்தின் நான்கு பள்ளிகளை வைத்து அந்த நாட்டைக்கூட அளக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சோதனையில் தரப்பட்டது ஒரு பொருள். கல்வி அதில் சோதிக்கப்படவே இல்லை. சோதிக்காத ஒன்றைப் பயனற்றது என்று எப்படிக் கொள்வது?

இவ்விருவரும் அதே மாணவியரைப் பற்றி 2012-இல் இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் கட்டுரையை மேற்கோள் காட்டுவோர் இதை அரிதாகவே தொடுகிறார்கள். கப் கிடைத்த தோழி ஒருத்தி கூடுதலாக இருந்தால், இரண்டு மாதத்துக்குப்பின் அதைப் பயன்படுத்துவது 18.6 விழுக்காட்டுப் புள்ளி உயர்கிறது என்கிறது இரண்டாம் கட்டுரை. தோழியர் ஆசையைத் தூண்டவில்லை. பயன்படுத்தும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஆசிரியர்களே விளக்குகிறார்கள். பொருள்கூட அறிவின் தோளேறித்தான் நகர்ந்தது. முதல் கட்டுரை கேளாத கேள்விக்கு இரண்டாம் கட்டுரையில் பாதி விடை இருக்கிறது.

மீதி விடையைக் கானாவில் தேட வேண்டும். பால் மாண்ட்கோமரி குழுவினர் 2012-இல் வெளியிட்ட முன்னோட்ட ஆய்வில் நான்கு கிராமங்களின் 120 மாணவியர் இருந்தனர். 60 பேருக்கு நாப்கினும் பூப்புக் கல்வியும். 25 பேருக்குக் கல்வி மட்டும். 35 பேருக்கு எதுவுமில்லை. மூன்றாம் மாதத்தில் நாப்கின் பெற்றவர்களின் வருகை உயர்ந்தது. ஐந்தாம் மாதத்தில், கல்வி மட்டும் பெற்ற அந்த 25 பேரும் ஏறத்தாழ அதே அளவை எட்டிவிட்டார்கள்.

25 பேர் என்பது மிகச் சிறிய எண். குலுக்கல் முறையும் இல்லை. அவர்கள் இருந்த ஊரின் தனித்தன்மையோ பருவமோ இதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனாலும் அந்த இரண்டு மாதத் தாமதத்தை எளிதாக ஒதுக்க முடியாது என்பேன். புதியவர்கள் வந்து பேசியதால் எழுந்த உற்சாகம் என்றால், அது முதலில் ஏறிப் பிறகு வடிந்திருக்க வேண்டும். இங்கே நேர்மாறாக, முதலில் அசைவில்லை; பிறகு உயர்வு. கேட்டதை மாணவி வீட்டில் சொல்லி, தாயும் கைகொடுத்து, துணிக்கு ஓர் ஏற்பாடு செய்துகொள்ள இவ்வளவு காலம் பிடித்திருக்கும். இது என் ஊகம். ஆனால் தாமதத்துக்கு இதைவிடப் பொருந்தும் விளக்கம் எனக்குத் தென்படவில்லை.

அக்குழு பின்னர் உகாண்டாவில் எட்டுப் பள்ளிகளில் 1,124 மாணவியரிடம் நடத்திய ஆய்வு 2016-இல் வந்தது. வருகை எல்லாப் பள்ளியிலும் சரிந்தது. எதுவும் பெறாத பள்ளிகளில் அந்தச் சரிவு சராசரியாக 17.1 விழுக்காடு கூடுதல். கல்வி மட்டும் பெற்ற பள்ளிகளும் சரிவு குறைந்த தரப்பில் அடங்கும். எனினும் மாணவியர் சொன்ன வெட்க உணர்விலும் பாதுகாப்பின்மையிலும் மாற்றமில்லை. என் வாதத்துக்கு இது இடறல்தான். ஆனால் ஒரு முறை நடத்திய வகுப்பு வெட்கத்தைக் கரைக்கும் என்று நான் வாதிடவில்லை.

இந்த விவாதம் நடந்த ஆண்டுகளில் இந்தியக் கொள்கை பெரிதும் பொருளின் வழியே சென்றது. 2011-இல் மத்திய அரசின் மாதவிடாய்ச் சுகாதாரத் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் ‘புதுயுகம்’ திட்டம் கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு விலையில்லா நாப்கின் தந்தது. அந்த உதவி தேவையானது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுகாதாரமான முறையைக் கையாள்வோர் 2015-16-இல் 57.6 விழுக்காடு, 2019-21-இல் 77.3. அந்தக் குறியீடும் எதைப் பயன்படுத்துகிறாள் என்பதையே அளக்கிறது. இந்தியாவில் நடந்த 138 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான மதிப்பாய்வோ, முதல் மாதவிடாய்க்கு முன்பே அது பற்றி அறிந்திருந்த சிறுமியர் 48 விழுக்காடு மட்டுமே என்கிறது. மீதமுள்ளவர்கள் எதுவும் தெரியாமலேயே முதல் இரத்தத்தைப் பார்த்தவர்கள். மறுநாள் அவர்கள் பள்ளிக்கு வந்திருந்தாலும், இந்தக் கல்வி அவர்களுக்குக் காலம் கடந்தே கிடைக்கிறது.