கலர் குஞ்சுகளின் வரலாறு

அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் பள்ளிக்கூட வாசல்களில் அட்டைப்பெட்டியில் வைத்து விற்கும் ரோஸ், பச்சை, ஊதா நிறக் கோழிக்குஞ்சுகளைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. வீட்டுக்கு வந்த நாலைந்து நாளில் பெரும்பாலும் செத்துப்போகும். ‘சாயம்தான் விஷம்’ என்பார்கள். சாயம் மட்டும் காரணமில்லை. முதல் வாரத்தில் குஞ்சுக்குக் கிட்டத்தட்ட 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். தாய்க்கோழியின் இறகோ, ஒரு குண்டு பல்போ இல்லாமல் அது தாங்காது. ஆனால் நாம் கேட்காத கேள்வி வேறு: உயிருள்ள ஒன்று எப்படி இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது?

விடை எளிது. அவை பெரும்பாலும் சேவல்கள். முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குக் குஞ்சு பொரித்துக் கொடுக்கும் இடங்களில், பிறந்த அன்றே ‘வேண்டாம்’ என்று ஒதுக்கப்பட்டவை.

கிராமத்தில் சேவல் ஒருபோதும் வேண்டாததாக இருந்ததில்லை. கூர்முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்று சொல்வார்கள். அரிஸ்டாட்டில் இதையே தலைகீழாகச் சொன்னார், கூர்முட்டைதான் பெட்டை என்று. ரெண்டுமே தப்பு. ஆனால் தப்பாக இருந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆறேழு வாரம் போனால் கொண்டை சிவக்கும், பிறகு கழுத்து இறகு கூராகும், ஒருநாள் கரகரத்த குரலில் கூவிப்பார்க்கும். விடைக்கோழியை முட்டைக்கு வைத்துக்கொண்டு சேவலை முனீஸ்வரனுக்கோ குழம்புக்கோ சண்டைக்கோ அனுப்புவார்கள். குப்பையைக் கிளறித் தின்னும் கோழிக்குக் காத்திருப்பதற்குச் செலவு கிடையாது.

தீவனத்தைக் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தபோதுதான் அந்த ஆறு வாரம் கணக்கில் வந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் தானியத் தட்டுப்பாடு. கேம்பிரிட்ஜின் மரபியலாளர் ரெஜினால்ட் பன்னெட் ஒரு வழி சொன்னார். பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒன்றுதான். தாய் தன் ஒற்றை இசட்டை மகன்களுக்கு மட்டுமே தருகிறது. ஆகவே வரியிறகுப் பெட்டையை வரியில்லாத சேவலோடு சேர்த்தால், ஆண்குஞ்சுகளின் தலையில் மட்டும் வெளிர்ப் புள்ளி இருக்கும். என்னைப் போன்ற மென்பொருள்காரனுக்கு இது ரொம்பப் பிடித்த ஏற்பாடு: இயற்கையே குஞ்சின் தலையில் எழுதிவைக்கும் ஒரு பிட்.

ஜப்பானியர்கள் இனக்கலப்புக்குக் காத்திருக்கவில்லை. கியோஷி மாசுயியும் உடன் பணியாற்றியவர்களும் 1920களில், ஒருநாள் குஞ்சின் கழிவுத்துளைக்குள் மிகச்சிறிய முகடு ஒன்றை வைத்தே பால் சொல்லலாம் என்று காட்டினார்கள். 1927இல் ஒட்டாவாவில் நடந்த உலகக் கோழியின மாநாட்டில் இதை உலகம் அறிந்தது. ஜப்பானில் இதற்கென்றே பயிற்சிப் பள்ளிகள் வந்தன. 1930களில் அங்கே பயின்றவர்கள் கனடா, அமெரிக்கா என்று போனார்கள். கைதேர்ந்தவர் மணிக்கு ஆயிரம் குஞ்சு வரை பிரிப்பார். எப்படித் தெரிகிறது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது என்று ஒரு கதை மெஷின் லேர்னிங் வகுப்புகளில் இன்றும் ஓடுகிறது. கதை கொஞ்சம் மிகை. 1987இல் பீடர்மன், ஷிஃப்ரார் என்ற இரு உளவியலாளர்கள், எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்ததுமே, புதியவர்கள் படங்களை வைத்து நிபுணர்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதைக் காட்டினார்கள்.

இப்போது பல இனங்களில் சிறகை விரித்துப் பார்த்தாலே போதும். பெட்டைக்கு முதன்மை இறகு நீண்டிருக்கும்படி இனமே உருவாக்கப்பட்டிருக்கிறது. ஒரு குஞ்சுக்கு ஓரிரு நொடி.

இதற்கிடையில் கோழியும் இரண்டாகிவிட்டது: முட்டைக்கு ஒன்று, கறிக்கு ஒன்று. பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ. முட்டையினத்துச் சேவல் அந்த எடைக்கு வர மாதங்கள் ஆகும், தின்னும் தீவனத்துக்குக் கட்டாது. நாமக்கல் முட்டை மலிவாக இருப்பதன் ஒரு காரணம், அங்கே கூண்டில் ஒரு சேவலும் தின்பதில்லை. உலக அளவில் ஆண்டுக்கு 600 கோடிக்கு மேல் ஆண்குஞ்சுகள் அரைத்தோ வாயு செலுத்தியோ கொல்லப்படுவதாகப் பரவலான மதிப்பீடு. தெருவில் கலராக வருவது அந்த வழியிலிருந்து விலகிய சொற்பம்.

அடையாற்றில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் இருப்பது கஷ்டம். இந்தியாவின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்குப் பின்னால் நின்றவர் இங்கே கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த மசோதாவை, அரசே சட்டம் செய்யும் என்ற நேருவின் உறுதியை ஏற்றுத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் விலங்குநல வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர். வாரிய அலுவலகம் பல வருடம் பக்கத்துத் திருவான்மியூரில்தான் இருந்தது, 2018இல் ஹரியானாவுக்குப் போய்விட்டது. ‘தேவையற்ற’ வலி கூடாது என்கிறது அந்தச் சட்டம். எது தேவை என்று யார் சொல்வது? 2003இல் கோயில்களில் ஆடு, கோழி வெட்டக் கூடாது என்ற 1950ஆம் வருடத்துச் சட்டத்தைத் தமிழக அரசு கையிலெடுத்தபோது ஊரே கொதித்தது, மறுவருடம் அந்தச் சட்டமே ரத்தானது. முனீஸ்வரனுக்குப் போகும் சேவலுக்காக இருபக்கமும் வாதாட ஆளிருந்தது. ஒருநாள் சேவலுக்கு யாரும் இல்லை. அதை யாரும் பார்ப்பதே இல்லையே.

ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் ஆண்குஞ்சுகளைக் கொல்வதைத் தடை செய்தது. அடையில் இருக்கும்போதே முட்டைக்குள் பால் கண்டறிகிறார்கள். அதனால் விற்கும் முட்டை ஒவ்வொன்றின் மீதும் ஓரிரு செண்ட் ஏறும் என்றார்கள். நம் கணக்கில் ஒன்றிரண்டு ரூபாய். நாமக்கல்லில் முட்டைக்கு ஐந்து பைசா கூடினாலே அன்றைக்குச் செய்தி. பள்ளிச் சத்துணவுக்கு வாரம் ஐந்து நாள் வேகும் முட்டையும் அந்த விலையை ஒட்டித்தான் வாங்கப்படுகிறது.