கழுத்து நாளம் காட்டிய வழி

மின்வரைபடம் பரவுமுன்னரே இதயத்துடிப்பின் ஒழுங்கைக் கழுத்து நாளத்தின் அலைகளில் வாசித்தவர் ஜேம்ஸ் மக்கன்சி. 1879 முதல் இங்கிலாந்தின் பேர்ன்லி என்னும் நெசவாலை நகரில் பணியாற்றிய குடும்ப வைத்தியர் அவர். பிரசவ வேளையில் ஓர் இளம்பெண் இதயம் செயலிழந்து தம் கண்முன்னே மாண்டதே அவரை இவ்வாராய்ச்சியில் ஈடுபடுத்தியது.

கைநாடி இதயத்தின் கீழறைத் துடிப்பையே சொல்லும். கழுத்து நாளமோ மேலறை சுருங்குவதையும் காட்டும். இரண்டையும் ஒரே தாளில் வரையும் கருவியொன்றை அவர் அமைத்தார்.

வால்வு சுருங்கிய நோயாளி ஒருவரை ஆண்டுக்கணக்கில் கவனித்துவந்தார். பின்னர் அவரது துடிப்பு தாறுமாறாயிற்று. மேலறையின் அலையும் மறைந்தது. மேலறை செயலற்றுவிட்டதென மக்கன்சி எண்ணினார். பத்திரிகைக்காரனான என்னை ஈர்ப்பது இந்த இடந்தான்: கண்டது சரி, கொண்ட முடிவு பிழை. மேலறை ஓயவில்லை, ஒழுங்கின்றி நடுங்கிக்கொண்டிருந்தது. அதனை 1909இல் மின்வரைபடத்தால் காட்டியவர்களுள் ஒருவர் தாமஸ் லூயிஸ். அவரை இத்துறைக்குள் ஊக்குவித்தவரும் மக்கன்சியே.