முத்துக்குளித்த ஊரின் திருமணங்கள்

ஷார்ஜாவில் ரோலாவை ஒட்டியுள்ள பழைய நகரின் திருமண வழக்கங்கள் முத்துக்குளிப்புத் தொழிலோடு இணைந்து வளர்ந்தவை. ரோலா என்ற பெயர் அங்கே நின்ற ஆலமரத்தைக் குறிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடப்பட்ட அந்த மரம் 1978இல் சாய்ந்தது. அதுவரை பெருநாள் என்றால் ஊர் கூடியது அதன் நிழலில்தான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆண்கள் கடலில் இருப்பார்கள். அப்போது ஊரில் கல்யாணம் நடத்த ஆள் இருக்காது. கப்பல்கள் திரும்பி, முத்து விற்று, பங்கு கைக்கு வந்த பிறகே மாப்பிள்ளை வீட்டாரால் செலவுக்குத் துணிய முடிந்தது. அன்று அங்கே புழங்கிய பணம் இந்திய ரூபாய். வளைகுடாவுக்கென்று தனி ரூபாய் 1959இல்தான் வந்தது.

பெண் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் தாயும் உறவுப் பெண்களும் செய்த வேலை. உறவுக்குள், குறிப்பாகச் சிறிய தந்தை பெரிய தந்தை மக்களுக்குள், மணமுடிப்பதையே பெரிதும் விரும்பினார்கள். பெண்ணின் தகப்பனார் இசைந்த பின், மணமகன் தர வேண்டிய மஹர் பேசி முடிக்கப்படும். நிக்காஹ் எனும் திருமண ஒப்பந்தத்தை உள்ளூர்ப் பேச்சில் 'மில்ச்சா' என்பார்கள். தமிழ் முஸ்லிம்கள் அறிந்த நிக்காஹ் போலவே இதற்கும் இரு சாட்சிகள் தேவை. மஹர் மணமகளுக்கே உரிய சொத்து.

இதற்குப் பின் மாப்பிள்ளை வீட்டிலிருந்து 'ஸஹ்பா' எனப்படும் சீர் வரும். துணிகள், தங்க நகைகள், அத்தர், ஊது எனும் அகில் ஆகியவை அதில் இருக்கும். பித்தளை ஆணிகள் பதித்த 'மந்தூஸ்' என்ற மரப்பெட்டியில் அவற்றை அடுக்கி, வந்த பெண்களுக்கெல்லாம் காட்டுவார்கள். இந்தப் பொருட்களில் பல இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவை. மணமான பெண்கள் முகத்தில் அணிந்த புர்கா எனும் முகமூடியின் துணியும் இந்தியாவில் அவுரிச் சாயம் ஏற்றப்பட்டதே. பொன்னிறமாக மினுங்கும் அந்தத் துணியின் சாயம் வியர்வையில் கரைந்து முகத்தில் நீலமாக ஒட்டிக்கொள்ளும்.

மணமகள் திருமணத்துக்கு முன் நாற்பது நாட்கள் வரை வீட்டுப் பெண்களைத் தவிர யார் கண்ணிலும் படாமல் இருப்பாள். எண்ணெயும் நறுமணப் பொருட்களும் பூசி அவளைப் பராமரிப்பார்கள். மருதாணி இரவில் கைகளும் பாதங்களும் சிவக்கும். வெளியே ஆண்கள் 'அய்யாலா' ஆடுவார்கள். இரு வரிசையாக எதிரெதிரே நின்று, மெல்லிய மூங்கில் கழிகளை வாளாகவும் ஈட்டியாகவும் பாவித்து, பறையொலிக்கேற்பத் தலையசைத்துக் கவிதை பாடும் ஆட்டம் இது. கோதுமையும் இறைச்சியும் பல மணி நேரம் வெந்து குழைந்த ஹரீஸ் விருந்தில் இருக்கும். மணமகன் முதல் ஏழு நாட்கள் பெண் வீட்டில் தங்குவான்; பிறகு தம்பதியர் அவன் வீட்டுக்குப் போவார்கள்.

1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்துகளும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து வளைகுடா முத்து வணிகத்தை வீழ்த்தின. திருமணங்களும் சுருங்கின. எண்ணெய் வருமானம் வந்தபின் நிலைமை தலைகீழானது. மண்டபங்களில் விருந்து, எடை எடையாகத் தங்கம், உயர்ந்துகொண்டே போன மஹர் என்று செலவு பெருகியதால் இளைஞர்கள் கடனில் விழுந்தார்கள். பலர் திருமணத்தைத் தள்ளிப்போட்டார்கள். இதைச் சரிசெய்ய, அப்போதைய ஐக்கிய அரபு அமீரக அதிபர் ஷேக் ஸாயித் 1992இல் திருமண நிதியை ஏற்படுத்தினார். தகுதியுள்ள குடிமக்களுக்கு அது 70,000 திர்ஹம் உதவித்தொகை தந்தது. பல ஜோடிகள் ஒரே மேடையில் மணம் புரியும் கூட்டுத் திருமணங்களையும் ஊக்குவித்தது. 1997ஆம் ஆண்டுச் சட்டம் மணத்தின்போது தரும் முன்மஹருக்கு 20,000, பின்னர் தர வேண்டிய பின்மஹருக்கு 30,000 திர்ஹம் என உச்சவரம்பு விதித்தது.

அய்யாலா 2014இலும், ஹரீஸ் 2023இலும், மருதாணி வழக்கம் 2024இலும் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. ரோலாவிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் உள்ள ஷார்ஜா மரபு அருங்காட்சியகம் பழைய திருமண வழக்கங்களை மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறது. ரோலாவில் வசிக்கும் தமிழர்கள் ஒரு விடுமுறை நாளில் அவசியம் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.