மகுடம் யாருக்கு? (9) – இறந்தவர்களும் மோதிய போட்டி

சென்ற வாரம் முகமது அலியை ஹூஸ்டன் நகரத்து ராணுவ ஆள்சேர்ப்பு மையத்தில் நிறுத்திவிட்டு வந்தோம். 1967 ஏப்ரல் 28. பெயரைக் கூப்பிட்டார்கள். ராணுவத்தில் சேர மறுத்து, அவர் முன்னால் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

எடுத்து வைக்காத அந்த ஓர் அடிக்கு அவர் கொடுத்த விலை பெரியது. நியூயார்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணையம் அன்றைக்கே அவருடைய உரிமத்தை முடக்கிப் பட்டத்தையும் பறித்தது. மற்ற மாநிலங்களும் அதே வழியில் கதவை அடைத்தன. ஜூன் 20ஆம் தேதி நீதிமன்றம் ஐந்து ஆண்டு சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதித்தது. மேல்முறையீடு நடந்துகொண்டிருந்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் பாஸ்போர்ட்டும் பறிபோனதால் வெளிநாட்டுக்குப் போய் மோதவும் வழியில்லை. வயது 25. மோதியது 29 சண்டை, வென்றதும் 29. ஒரு வீரனின் கால்கள் உச்ச வேகத்தில் இருக்கும் வயதில் அவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள்.

காலியான சிம்மாசனத்துக்கு நியூயார்க் ஆணையம் ஒருவரைத் தேடியது, உலகக் குத்துச்சண்டைச் சங்கம் இன்னொருவரைத் தேடியது. 1968 மார்ச்சில் ஜோ ஃப்ரேசியர் நியூயார்க்கின் சாம்பியன் ஆனார். ஏப்ரலில் ஜிம்மி எல்லிஸ் சங்கத்தின் சாம்பியன் ஆனார். எல்லிஸ் அலியின் ஊரான லூயிவில்லைச் சேர்ந்தவர், இளவயதிலிருந்தே அவரோடு பழகியவர். 1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை போட்டாரே, அன்று எதிரே கையுறை மாட்டி நின்றவர் இதே எல்லிஸ்தான்.

ஒன்றுக்கு இரண்டு சாம்பியன்கள் இருந்தும் பேச்சு ஓயவில்லை. நிஜமான அலி மேடையில் இல்லாததால், எல்லாரும் மனசுக்குள் ஓர் அலியை மேடை ஏற்றினார்கள். ஜாக் டெம்ப்சியின் காலத்தில் அலி பிறந்திருந்தால்? ஜோ லூயிஸின் இடது கையில் சிக்கியிருந்தால்? ஒருமுறைகூடத் தோற்காத ராக்கி மார்சியானோவோடு மோதியிருந்தால்?

இந்த வாதத்தில் ஒரு வியாபாரம் இருக்கிறது என்று கண்டுகொண்டவர் மர்ரி வோரோனர், மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர். அமெரிக்கர்களில் பெரும்பாலோர் கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்திராத காலம் அது. இயந்திரம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பிரமிப்பு ஊரெங்கும் இருந்தது. வோரோனர் ஜான் எல். சல்லிவன் காலத்திலிருந்து அலி வரை 16 ஹெவிவெயிட் வீரர்களைத் தேர்ந்தெடுத்தார். அவர்களில் பலர் அப்போது உயிரோடே இல்லை. வேகம், குத்தின் வலு, அடி தாங்கும் உடம்பு, தற்காப்பு, எளிதில் தோல் கிழியுமா என்பது வரை ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போடச் சொல்லிக் குத்துச்சண்டை நிபுணர்களிடம் கேட்டார். வந்த எண்களை என்.சி.ஆர். 315 என்ற கம்ப்யூட்டருக்குள் கொடுத்தார். அது கக்கிய விடைகளை வைத்து, நேரில் நடக்கிற சண்டைக்குச் சொல்வதைப் போலவே வர்ணனை தயாரித்து, 1967இல் வானொலியில் ஒலிபரப்பினார்.

கால் இறுதியில் அலி தோற்றார். தோற்கடித்தவர் ஜேம்ஸ் ஜெஃப்ரீஸ், 1953இலேயே இறந்துபோனவர்.

அலி கொதித்துப்போனார். பத்து லட்சம் டாலர் கேட்டு வோரோனர் மீது மானநஷ்ட வழக்குப் போட்டார். ஜெஃப்ரீஸ் போல மந்தமான கால் கொண்ட இன்னொரு ஹெவிவெயிட் சரித்திரத்திலேயே இல்லை என்பது அவர் கட்சி. உரிமமும் பட்டமும் போன பிறகு அந்த மனிதரிடம் மிச்சம் இருந்தது தோல்வியே காணாத பெயர் ஒன்றுதான். அதையும் ஓர் இயந்திரம் பறிக்கிறது என்றால் யாருக்குத்தான் வலிக்காது?

ஆனால் அந்தக் கோபத்துக்கு இன்னும் ஆழமான வேர் ஒன்று இருந்தது என்று நினைக்கிறேன். அதைப் புரிந்துகொள்ள ஜெஃப்ரீஸின் கதையை முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1899 ஜூனில் கோனி ஐலண்டில் பாப் ஃபிட்ஸ்சிமன்ஸை வீழ்த்திப் பட்டம் வென்றவர் ஜெஃப்ரீஸ். ஆறடிக்கு மேல் உயரம், 100 கிலோ எடை, பாறை போன்ற உடம்பு. 1905இல் தோல்வியே இல்லாமல் ஓய்வு பெற்றார். ஏட்டில் இவ்வளவுதான் இருக்கிறது. ஏட்டில் இல்லாதது என்னவென்றால், ஜாக் ஜான்சன் என்ற கறுப்பின வீரர் பட்டத்துக்காகச் சவால் விட்டுக்கொண்டே இருந்தார், ஜெஃப்ரீஸ் மறுத்துக்கொண்டே இருந்தார். கறுப்பருக்குப் பட்டச் சண்டை தருவதில்லை என்பது அவர் கடைப்பிடித்த கொள்கை. ஜான்சன் 1908 டிசம்பர் 26 அன்று சிட்னிவரை போய் டாமி பர்ன்ஸைத் தோற்கடித்துத்தான் பட்டத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு வெள்ளை அமெரிக்கா ஜெஃப்ரீஸைப் பண்ணையிலிருந்து இழுத்து வந்தது. 1910 ஜூலை 4, ரீனோ நகரம். கொளுத்தும் வெயிலில் பதினைந்தாவது சுற்றில் ஜெஃப்ரீஸ் சாய்ந்தார். அந்தச் செய்தி தந்தியில் பரவியதும் அமெரிக்காவின் பல ஊர்களில் கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. 1912இல் குத்துச்சண்டைப் படச்சுருள்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கூடாது என்று சட்டமே போட்டார்கள்.

1968இல் ஜான்சனின் வாழ்க்கையை வைத்து நியூயார்க்கில் ஒரு நாடகம் அரங்கேறியது. ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் நடித்தார். பார்க்கப் போன அலி, இது தன் கதைதான் என்று சொல்லிவிட்டு வந்தார். ஜான்சனுக்குக் கதவைச் சாத்திய அதே ஜெஃப்ரீஸிடம் தான் தோற்றதாக ஒரு கம்ப்யூட்டர் அறிவித்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

இயந்திரத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ‘தி ரிங்’ இதழை 1922இல் தொடங்கிய நேட் ஃப்ளைஷரை விடக் குத்துச்சண்டை தெரிந்தவர் அன்றைக்கு யாரும் இல்லை. அவர் போட்ட பட்டியலில் முதலிடம் ஜாக் ஜான்சன், இரண்டாமிடம் ஜெஃப்ரீஸ். லூயிஸுக்கு ஆறாவது இடம், மார்சியானோவுக்குப் பத்தாவது. அலிக்குக் கடைசிவரை அதில் இடமே கிடைக்கவில்லை. ஃப்ளைஷர் பொய் சொல்பவர் இல்லை. இருபது வயதில் கண் விரியப் பார்த்த வீரர்களே மிகப் பெரியவர்கள் என்று அவர் மனதார நம்பினார். அதே போன்ற மனிதர்களின் மதிப்பெண்களைத்தான் வோரோனரின் கம்ப்யூட்டரும் தின்றது.

அப்படியென்றால் எதை வைத்துத்தான் வரிசைப்படுத்துவது? தோல்வி இல்லாத கணக்கை வைத்தா? அந்தக் கணக்கில் மார்சியானோவை மிஞ்ச ஆளில்லை. 49 சண்டை, 49 வெற்றி, அவற்றில் 43 நாக் அவுட். குறை சொல்பவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. 1951இல் அவர் வீழ்த்திய ஜோ லூயிஸுக்கு 37 வயது, வரிக் கடனுக்காக மேடைக்குத் திரும்பியிருந்த நிழல் அது. பட்டத்தை இழந்த ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு 38. கடைசி எதிராளி ஆர்ச்சி மூரும் நாற்பதை ஒட்டியவர்.

இருந்தும் 1952 செப்டம்பர் 23இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்ததை எந்தக் குறையாலும் அழிக்க முடியாது. முதல் சுற்றிலேயே மார்சியானோ தரையில் விழுந்தார். பன்னிரண்டு சுற்று முடிந்தபோது மூன்று நடுவர்களின் அட்டைகளிலும் பின்தங்கியிருந்தார். புள்ளிக் கணக்கில் வெல்ல வழியே இல்லை. பதின்மூன்றாவது சுற்றில் வால்காட் கயிற்றோரம் பின்வாங்கிய ஒரு கணத்தில், மார்சியானோவின் வலது கை சில அங்குல தூரமே பயணம் செய்து தாடையில் இறங்கியது. வால்காட்டின் ஒரு கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, உடம்பு மெல்ல மடங்கிச் சரிந்தது. குத்துச்சண்டையின் ஒரே சிறந்த குத்து எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் எங்கே போய் முட்டிக்கொள்வோம் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. மார்சியானோவின் கடைசிச் சண்டை 1955 செப்டம்பர் 21. சரியாக முப்பது ஆண்டு கழித்து, 1985 செப்டம்பர் 21 அன்று, லேரி ஹோம்ஸ் 48 வெற்றி, தோல்வி இல்லை என்ற கணக்கோடு மைக்கேல் ஸ்பிங்க்ஸை எதிர்கொண்டார். புள்ளிகளில் தோற்றார். அன்று அவர் வென்றிருந்தால் 49 என்ற எண் இரண்டு பேருக்குச் சொந்தமாகியிருக்கும். அதற்காக இருவரும் சமம் என்று ஒரு ரசிகராவது ஒப்புக்கொண்டிருப்பாரா? 1980இல் இதே ஹோம்ஸ் 38 வயது அலியை அடித்து உட்கார வைத்தார். அந்த வெற்றியைக் காட்டி அலியைவிட ஹோம்ஸ் பெரியவர் என்று ஹோம்ஸின் நண்பர்கள்கூட வாதாடுவதில்லை.

எவ்வளவு காலம் ஆண்டார் என்பதை வைத்தால் லூயிஸுக்கு இணை இல்லை. 1937 முதல் 1949 வரை, 25 முறை பட்டத்தைக் காத்தார். உடல் அளவை வைத்தால் 84 கிலோ மார்சியானோவை இன்றைய ஹெவிவெயிட் மேடையில் ஏற்றவே யோசிப்பார்கள்.

என் அளவுகோல் வேறு. ஒருவர் யாரை வென்றார் என்று பார்க்கும் முன், யாரைச் சந்திக்க மறுத்தார் என்று பார்க்க வேண்டும். ஜெஃப்ரீஸ் ஜான்சனை மறுத்தார். டெம்ப்சி பட்டத்தோடு இருந்த ஏழு ஆண்டும் ஹாரி வில்ஸ் என்ற கறுப்பின வீரர் காத்துக் கிடந்தார், அந்தச் சண்டை நடக்கவே இல்லை. ஜான்சனும் இதில் நிரபராதி இல்லை. பட்டம் கைக்கு வந்ததும் சாம் லாங்ஃபோர்டுக்கு அவர் வாய்ப்புத் தரவில்லை. லாங்ஃபோர்ட் உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கு ஒருமுறைகூட மோதாமலேயே ஓய்ந்துபோனார். நடக்கவிடாத இந்தச் சண்டைகளுக்கு வோரோனரின் கம்ப்யூட்டரில் ஒரு கட்டம்கூட இல்லை. லூயிஸ் தன்னை நாக் அவுட் செய்த ஷ்மெலிங்கையே தேடிப் பிடித்து 124 விநாடிகளில் முடித்தவர். மார்சியானோவும் யாரிடமிருந்தும் ஒளிந்ததில்லை. ஆகவே 1969ஆம் ஆண்டில் நின்று கேட்டால் லூயிஸ்தான் முதல்வர் என்பேன். அந்த இடத்தை அலி பிடித்த கதை இனிமேல்தான் வருகிறது.

வழக்குக்குத் திரும்புவோம். வோரோனர் ஒரு சமரசம் சொன்னார். பத்தாயிரம் டாலரும் லாபத்தில் பங்கும் தருகிறேன், வானொலிப் போட்டியின் இறுதியில் வென்ற மார்சியானோவோடு நேரில் மோதி நடியுங்கள், முடிவைக் கம்ப்யூட்டர் சொல்லட்டும். பணமுடையில் இருந்த அலி ஒப்புக்கொண்டார்.

1969இல் மயாமியில், பார்வையாளர் யாருமில்லாத ஸ்டூடியோவுக்குள் மேடை போட்டார்கள். மார்சியானோவுக்கு 45 வயது, அலிக்கு 27. ராக்கி இதற்காகவே இருபது கிலோவுக்கு மேல் குறைத்து, வழுக்கையை மறைக்க டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிடச் சுற்றுகளாக எழுபதுக்கும் மேல் படம்பிடித்தார்கள். அலி விழுவது போல எடுத்தார்கள், மார்சியானோ விழுவது போலவும் எடுத்தார்கள், ரத்தக்காயத்தால் சண்டை நிற்பது போலவும் எடுத்தார்கள். எது இறுதி முடிவு என்று இருவருக்குமே சொல்லவில்லை.

படப்பிடிப்பு முடிந்து மூன்று வாரம் ஆனது. ஆகஸ்ட் 31 மாலை, தன் 46ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், மார்சியானோ சிகாகோவில் ஒரு சின்ன விமானத்தில் ஏறினார். அயோவா மாநிலத்து நியூட்டன் ஊர் அருகே அது வயலில் விழுந்தது. அதில் இருந்த மூவரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

1970 ஜனவரி 20 இரவு, அமெரிக்காவெங்கும் தியேட்டர்கள் நிறைந்தன. திரையில் மோதிய இருவரில் ஒருவர் உயிரோடு இல்லை, மற்றவருக்கு மேடை ஏற அனுமதி இல்லை. பதின்மூன்றாவது சுற்று வந்தது. ஒருவர் விழுந்தார்.

அவர் யார்? அமெரிக்கர்கள் பார்த்த முடிவும் ஐரோப்பியர்கள் பார்த்த முடிவும் ஏன் வேறு வேறாக இருந்தன? அடுத்த வாரம் சொல்கிறேன். அதற்குள் உங்கள் முதல் பத்துப் பெயர்களை எழுதி வையுங்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் யாரைச் சந்திக்க மறுத்தார் என்பதையும் சேர்த்து.

(தொடரும்)